ஒரே தேடல் பெட்டிக்குள் ஒரு நூலகம்: நிகழ்வு ஆய்வு

ஒரு பல்கலைக்கழக நூலகம் தன் நூற்பட்டியல், மின்னிதழ்கள், ஆய்வேடுகள், ஸ்கேன் செய்த பழைய பருவ இதழ்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து தேடும்படி செய்ய முனைந்தது. முதலில் ஒரு வகை மென்பொருள், அது போதாமல் போனதால் வேறொரு வகை, அப்புறம் அதைச் சீர்செய்யும் நீண்ட வேலை என்று போன கதை இது. நூலகத்தின் தொழில்நுட்பப் பிரிவில் இருந்துகொண்டு அந்த வேலையில் நானும் பங்கெடுத்தேன். நூலகத்தின் பெயரும் மென்பொருள் விற்றவர்களின் பெயரும் இங்கே தேவையில்லை. இதே கட்டங்களை உலகெங்கும் எத்தனையோ நூலகங்கள் கடந்து வந்திருக்கின்றன.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒற்றைத் தேடல் பெட்டி உருப்படியாக வேலை செய்வது, வாங்கும் மென்பொருளைவிட, நூலகம் தன் பதிவுகளையும் சந்தா விவரங்களையும் எவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறது என்பதைத்தான் அதிகம் சார்ந்திருக்கிறது. மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் செலவாகும் கவனத்தில் பாதியாவது பதிவுகளுக்குப் போயிருந்தால் பல நூலகங்களில் இந்தத் திட்டம் பிழைத்திருக்கும்.

தொடங்கும்போது இருந்த நிலை

அச்சு நூல்களின் பட்டியல் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளில் இருந்தது. ஆய்வேடுகளும் ஆசிரியர்களின் கட்டுரைகளும் டிஸ்பேஸ் என்ற மின்களஞ்சிய மென்பொருளில். மின்னிதழ்கள் அந்தந்தப் பதிப்பகத்தின் தளத்தில் தனித்தனியாக. மருத்துவத்துக்கு ஒரு தரவுத்தளம், பொறியியலுக்கு ஒன்று, சட்டத்துக்கு ஒன்று. பழைய பருவ இதழ்கள் வேறொரு சர்வரில். ஒவ்வொன்றுக்கும் தனித் திரை, தனி விதி. ஒன்றில் இரண்டு சொற்களை இடைவெளி விட்டு அடித்தால் இரண்டும் சேர்ந்து வரும் பதிவுகள் மட்டும் கிடைக்கும். இன்னொன்றில் ஏதாவது ஒன்று வந்தாலே போதும் என்று அள்ளிக் கொட்டும்.

நிலத்தடி நீரில் ஃபுளூரைடு பற்றி எழுத வேண்டிய மாணவரை எடுத்துக்கொள்வோம். இது வேதியியலா, நிலவியலா, பொது சுகாதாரமா, பல் மருத்துவமா? தேடத் தொடங்கும் முன்பே அவர் இதற்கு விடை சொல்லியாக வேண்டும். தவறான தரவுத்தளத்துக்குள் போனால், இல்லாத ஒன்றை அவர் இல்லை என்று நம்பிவிடுவதில்லை. இருப்பதையே இல்லை என்று நம்பிவிடுகிறார். வாசகர்களின் கேள்விகளுக்கு வழிகாட்டும் உசாத்துணைப் பிரிவில் இருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நூலகம் பணம் கட்டி வாங்கிய கட்டுரையைக் கேட்டு ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பியவர்கள் உண்டு.

2004 நவம்பரில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் வந்தபிறகு இந்தச் சிக்கலுக்கு மாணவர்கள் தாங்களே ஒரு வழி கண்டுகொண்டார்கள். ஒரு பெட்டி, ஒரு பட்டியல். அதில் நூலகத்தின் அச்சு நூல் வராது, ஸ்கேன் செய்த இதழ் வராது, எது நமக்குத் திறக்கும் என்பதும் தனியாக அமைத்துக் கொடுத்தால்தான் தெரியும். ஆனாலும் அது எளிது. அந்த எளிமையை நூலகம் தன் சொந்த வளங்களுக்கும் தர வேண்டும் என்பதுதான் திட்டத்தின் தொடக்கம்.

முதல் கட்டம்: கேட்டு வாங்கித் தொகுப்பது

முதலில் வந்தது நேரடிக் கூட்டுத் தேடல். இந்த மென்பொருளிடம் சொந்தமாக எந்தப் பதிவும் இருக்காது. நீங்கள் ஒரு சொல்லை அடித்ததும் அது எல்லாத் தரவுத்தளங்களுக்கும் ஒரே நேரத்தில் அந்தக் கேள்வியை அனுப்பும். பதில்கள் வர வர வாங்கி அடுக்கிக் காட்டும்.

இதற்கான அடித்தளம் பழையது. இசட் 39.50 என்ற நெறிமுறை வலைத்தளங்கள் வருவதற்கு முன்பே, 1988இல் தரநிலையானது. அதில் ஒவ்வொரு தேடல் புலத்துக்கும் எண் உண்டு. தலைப்புக்கு 4, ஐஎஸ்பிஎன்னுக்கு 7, பொருள் தலைப்புக்கு 21, ஆசிரியருக்கு 1003, எங்கிருந்தாலும் சரி என்பதற்கு 1016. ஒரு நூலகத்தின் கணினி 1003 என்று கேட்டால் மற்ற நூலகத்தின் கணினி அதை ஆசிரியர் என்று புரிந்துகொள்ளும். நூற்பட்டியலோடு நூற்பட்டியல் பேசுவதற்கு இது அருமையான ஏற்பாடு.

வணிகத் தரவுத்தளங்கள் எல்லாம் இந்த மொழியைப் பேசவில்லை. சில தங்கள் சொந்த இடைமுகத்தைக் கொடுத்தன. சிலவற்றில் அவற்றின் விடைப் பக்கத்தையே பிரித்துப் படித்து விவரங்களை உருவ வேண்டியிருந்தது. அந்தத் தளம் தன் பக்க அமைப்பை மாற்றினால் மறுநாள் காலையில் நம் தேடலில் அந்த வளம் மட்டும் வெறுமையாக நிற்கும். யாராவது வந்து சொல்லும்வரை தெரியாது, ஏனென்றால் திரையில் பிழைச் செய்தி வராது. விடை ஏதும் இல்லை என்றுதான் வரும்.

வேகம் இன்னொரு தொல்லை. பத்து இடத்தில் கேட்டால், மெதுவாகப் பதில் சொல்லும் இடத்துக்காகத்தான் எல்லோரும் காத்திருக்க வேண்டும். காத்திருக்க வேண்டாமென்று நேர வரம்பு வைத்தால் அந்த வளம் சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும். அதுவும் ஒருநாள் வரும், ஒருநாள் வராது. ஒரே தேடலைக் காலையில் ஒரு மாதிரியும் மாலையில் வேறு மாதிரியும் காட்டும் கருவியை ஆய்வாளர் எப்படி நம்புவார்?

இவற்றையெல்லாம்விட ஆழமான குறை வரிசைப்படுத்துவதில் இருந்தது. ஒவ்வொரு தரவுத்தளமும் முதல் இருபது முப்பது பதிவுகளை மட்டும் அனுப்பும். அந்தத் தளம் தன் கணக்கில் எவற்றை முதலில் வைத்ததோ அவை. சில தளங்கள் பொருத்தத்தின்படி அனுப்பின, சில புதியது முதலில் என்று அனுப்பின. இந்தக் கையளவைக் கலந்துதான் மென்பொருள் வரிசை போட வேண்டும். ஃபுளூரைடு பற்றி ஒரு தளத்தில் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் இருந்து, நமக்கு வேண்டியது நாற்பதாவது இடத்தில் இருந்தால், அது கூட்டுத் தேடலின் கண்ணுக்கே படாது. ஓரத்தில் வரும் ஆண்டு, மொழி, பொருள் வாரியான வடிகட்டிகளும் கைக்கு வந்த பதிவுகளை வைத்துப் போட்ட கணக்குதான். திரையில் பார்ப்பவருக்கோ அது மொத்தத்தின் கணக்கு போலத் தெரியும்.

நிர்வாகத் தரப்பில் யாரும் எதிர்பார்க்காத ஒரு பக்கவிளைவும் இருந்தது. ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் பயன்படுத்தலாம் என்று உரிமம் பெற்ற தரவுத்தளங்களில், ஒவ்வொரு கூட்டுத் தேடலும் ஓர் இடத்தைப் பிடித்தது. வரலாறு படிக்கும் மாணவர் தேடும்போது மருத்துவத் தரவுத்தளத்தில் ஓர் இருக்கை நிரம்பும். உண்மையில் அங்கே வேலை இருந்தவர் வெளியே நிற்பார். தேடல் எண்ணிக்கையும் வீங்கும். யாரும் மனமறிந்து திறக்காத தரவுத்தளம் மாதாந்தர அறிக்கையில் பிரபலமாகத் தெரியும். பயன்பாட்டுப் புள்ளிவிவரங்களுக்கான கவுன்டர் நெறிமுறை, கூட்டுத் தேடல் வழியாக வருவதை வழக்கமான தேடலிலிருந்து பிரித்துக் காட்டச் சொல்வது இதனால்தான். சந்தாவைப் புதுப்பிக்கும் கூட்டத்தில் உட்காரும்போது அந்த இரண்டு வரியையும் சேர்த்துப் படித்தால் முடிவு தவறிவிடும்.

இந்த முறையே பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ பல்கலைக்கழக நூலகம் 1996இல் தொடங்கிய கார்ல்ஸ்ரூ மெய்நிகர் நூற்பட்டியல் இதே முறையில், சொந்தப் பதிவு ஏதும் வைத்துக்கொள்ளாமல், பல நாட்டு நூலகப் பட்டியல்களில் தேடித் தருகிறது. ஒரு குறிப்பிட்ட நூல் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு அது மிகப் பொருத்தம். அந்தக் கேள்விக்குச் சில பதிவுகள் வந்தாலே போதும். வரிசை பெரிய விஷயமில்லை. ஒரு தலைப்பில் என்னென்ன வந்திருக்கிறது என்று கேட்கும்போதுதான் அந்த முறை திணறுகிறது.

இரண்டாம் கட்டம்: முன்கூட்டியே சேர்த்து வைப்பது

2009இல் சம்மன், அடுத்த ஆண்டில் எப்ஸ்கோ டிஸ்கவரி சர்வீஸ், பிரைமோ சென்ட்ரல் என்று வேறொரு வகைக் கருவிகள் வந்தன. கேள்வி வரும்போது ஓடிப்போய்க் கேட்காமல், பதிப்பகங்களிடமிருந்தும் தரவுத்தளங்களிடமிருந்தும் கட்டுரைகளின் மீத்தரவை (தலைப்பு, ஆசிரியர், ஆண்டு போன்ற விவரங்களை) முன்கூட்டியே வாங்கி, இண்டெக்ஸ் என்ற ஒரே பெரிய தேடல் அட்டவணையில் சேர்த்து வைப்பது இவற்றின் வழி. பல இடங்களில் முழு உரையும் அந்த இண்டெக்ஸில் இருக்கும். நூலகத்தின் சொந்தப் பதிவுகளும் அதில் சேரும். நூற்பட்டியலிலிருந்து மார்க் என்ற நூலக வடிவத்தில் பதிவுகள் இரவில் ஏற்றுமதியாகும், டிஸ்பேஸ் களஞ்சியத்திலிருந்து, பதிவுகளைத் திரட்டுவதற்கான ஓஏஐ-பிஎம்எச் நெறிமுறை வழியாக அறுவடையாகும். புத்தகம் ரேக்கில் இருக்கிறதா, இரவலில் போயிருக்கிறதா என்பதை மட்டும் அந்த நொடியில் கேட்டுக் காட்டும். வில்லனோவா பல்கலைக்கழகம் உருவாக்கிய வியூஃபைண்ட் போன்ற திறமூலக் கருவிகளும் சோலார் என்ற தேடுபொறியை வைத்து இதே வேலையைச் சொந்தப் பதிவுகளுக்குச் செய்கின்றன.

எங்கள் நூலகம் இதற்கு மாறியது. விடை உடனே வந்தது. வடிகட்டிகள் உண்மையான எண்ணிக்கையைக் காட்டின. அறிமுக நாளில் எல்லோரும் மகிழ்ந்தார்கள், அதில் தவறில்லை. அப்புறம் மாணவர்கள் விடையைச் சொடுக்கத் தொடங்கினார்கள்.

சொடுக்கினால் திறக்காத கட்டுரை

ஒரு கட்டுரை விடைப் பட்டியலில் வருவது ஒன்று, அது நம் சந்தாவில் திறப்பது வேறு. இரண்டையும் இணைப்பது லிங்க் ரிசால்வர். கட்டுரையின் இதழ், தொகுதி, பக்கம், ஆண்டு ஆகியவற்றை ஓபன்யூஆர்எல் வடிவத்தில் வாங்கி, இந்த நூலகத்துக்கு இது எந்தத் தளத்தில் எந்த ஆண்டிலிருந்து உரிமை என்று பார்த்து வழிகாட்டும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் வான் டி சோம்பெல் 1990களின் கடைசியில் உருவாக்கிய யோசனை இது. பிற்பாடு அமெரிக்கத் தரநிலையும் ஆனது.

ரிசால்வர் நம்பியிருப்பது சந்தாப் பட்டியலை. பதிப்பகங்கள் கேபார்ட் என்ற வடிவத்தில், ஒரு வரிக்கு ஓர் இதழ் என்று அட்டவணையாக அதை அனுப்புகின்றன. அதில் தடைக்காலத்துக்கு ஒரு பத்தி உண்டு. அங்கே பி1ஒய் என்று இருந்தால் கடைசி ஓராண்டு இதழ்கள் நமக்குக் கிடையாது, பழையவை மட்டும் கிடைக்கும். ஆர்1ஒய் என்று இருந்தால் நேர் எதிர்: கடைசி ஓராண்டு மட்டும் கிடைக்கும், பழையவை கிடையாது. ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஒரு பதிப்பகம் அனுப்பிய பட்டியலில் இந்த எழுத்து மாறியிருந்தது. விளைவு, அந்தத் தொகுப்பின் பழைய கட்டுரைகள் எல்லாம் உரிமை இல்லாதவை போல வடிகட்டப்பட்டு விடையில் வராமல் போயின; புதியவை வந்தன, ஆனால் சொடுக்கினால் பணம் கேட்டன. மாணவர்கள் புதியவற்றைப் பற்றிப் புகார் சொன்னார்கள். பழையவை காணாமல் போனதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள், திரையில் வராததை?

இந்த நிகழ்விலிருந்து நூலகம் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டது. ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் முதல் ஆண்டு, நடு ஆண்டு, கடைசி ஆண்டு என்று சில கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறோம். சந்தா புதுப்பித்ததும் அவற்றை வளாகத்துக்கு வெளியே இருந்து, மாணவர் கணக்கில் நுழைந்து திறந்து பார்க்கிறோம். வளாகத்துக்குள் இருந்து பார்த்தால் ஐபி முகவரியை வைத்தே பல தளங்கள் திறந்துவிடும். வெளியே இருப்பவரை நூலகத்தின் வழியாக உள்ளே விடும் பிராக்ஸி சரியாக இருக்கிறதா என்பது தெரியாது.

அச்சுக்கு ஒரு ஐஎஸ்எஸ்என் (இதழ்களுக்கான அடையாள எண்), மின்னிதழுக்கு வேறு என்று இருப்பதால் வரும் குழப்பங்கள், இதழ் பெயர் மாறியவை, சிறப்பிணைப்புக்குத் தொகுதி எண் இல்லாதவை எல்லாம் இதே வகை. டிஓஐ என்ற நிலையான தனி அடையாளம் உள்ள கட்டுரைகளில் இந்தத் தொல்லை குறைவு.

ஒரே கட்டுரை பல இடத்திலிருந்து வரும்போது அவற்றை ஒன்றாக்குவதற்கும் டிஓஐ உதவுகிறது. ஒன்றாக்கும்போது எந்தப் பதிவை மேலே காட்டுவது என்பது சாதாரணக் கேள்வியல்ல. எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு 1998இல் தி லான்செட் வெளியிட்ட கட்டுரை 2010 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. பதிப்பகத்தின் பதிவில் தலைப்பிலேயே அந்தக் குறிப்பு உண்டு. வேறொரு மூலத்திலிருந்து எப்போதோ வந்து புதுப்பிக்கப்படாத பதிவில் இருக்காது. இரண்டையும் ஒன்றாக்கிப் பழையதை மேலே காட்டினால் அந்தக் குறிப்பு மறைந்துவிடும். எந்தக் கருவியை மதிப்பிட்டாலும் இந்தக் கட்டுரையை ஒருமுறை தேடிப் பாருங்கள் என்று நூலகர்களுக்குச் சொல்வேன்.

தமிழில் தேடியபோது

மேலே சொன்னவை எந்த நூலகத்துக்கும் பொது. தமிழ் நூல்கள் வைத்திருக்கும் நூலகத்துக்கு இன்னொரு அடுக்கு வேலை இருக்கிறது. இதைப் பற்றி யாரும் விரிவாக எழுதுவதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

புதிய கருவி வந்தபிறகு தமிழில் தலைப்பை அடித்துத் தேடினால் நம்மிடம் நிச்சயம் இருக்கும் நூல்கள் வரவில்லை. பழைய நூற்பட்டியலில் வந்தன. காரணம் மார்க் பதிவின் அமைப்பு. பல தமிழ் நூல்களின் பதிவில் ஆசிரியர் பெயர் 100ஆம் புலத்திலும் தலைப்பு 245ஆம் புலத்திலும் ரோமன் எழுத்தில் இருக்கும். தமிழ் எழுத்து வடிவம் 880ஆம் புலத்தில் இணைத்து வைக்கப்பட்டிருக்கும். புதிய இண்டெக்ஸுக்கு ஏற்றும்போது போட்ட பட்டியலில் 880 இல்லை. 100, 245, பொருள் தலைப்புக்கான 650 என்று வழக்கமானவை மட்டும் இருந்தன. ஆக, தமிழ் நூல்களின் தமிழ் வடிவம் அப்படியே வாசலில் நின்றுவிட்டது. புலப் பட்டியலில் ஒரு வரி சேர்த்து எல்லாப் பதிவுகளையும் மறுபடி ஏற்றியதும் வந்துவிட்டன. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்து ஒப்புதல் கொடுத்திருந்தால் இது தெரியவே தெரியாது.

அடுத்தது எழுத்து வடிவம். யூனிகோடில் கொ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது க-வோடு எகரக் குறி, அப்புறம் கால் என்று இரண்டாக. கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. இதற்கு யூனிகோடிலேயே தீர்வு உண்டு. இயல்பாக்கம் செய்தால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். இண்டெக்ஸிலும் தேடும் சொல்லிலும் அதைச் செய்யும்படி அமைத்தால் போதும்.

ஔகாரம் அவ்வளவு எளிதாகப் பணியவில்லை. ஔவையார் என்பதைப் பலர் ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடிக்கிறார்கள். மௌனம், பௌர்ணமி, கௌதமன் போன்றவற்றிலும் இதுவே நடக்கிறது: ஒற்றைக்கொம்பு போட்ட எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு ள. நூற்பட்டியலில் பதிவு செய்தவர்களும் அப்படி அடித்திருக்கிறார்கள். யூனிகோட் இயல்பாக்கம் இதைத் தொடாது, ஏனென்றால் அதன் பார்வையில் இவை முற்றிலும் வேறு எழுத்துகள். ஒள வருமிடமெல்லாம் ஔ என்று மாற்றவும் முடியாது. ஒளி, ஒளிப்படம், ஒளிந்து எல்லாம் சிதைந்துவிடும். கடைசியில் வைத்த விதி இது: ள-வுக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லையென்றால் மட்டும் மாற்று. ஒளியில் ள-வுக்குக் கொக்கி இருப்பதால் அது தப்பித்துவிடும், ஒளவை மாறிவிடும். இதை இண்டெக்ஸிலும் கேள்வியிலும் மட்டும் செய்தோம், மூலப் பதிவில் கை வைக்கவில்லை.

டிஸ்கி, டாப், டாம் போன்ற பழைய குறியாக்கங்களில் இருந்த பதிவுகள் தனிக் கதை. அவற்றை யூனிகோடுக்கு மாற்றிய பிறகும் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

விகுதிகளும் உண்டு. நூலகம் என்று தேடினால் நூலகத்தில், நூலகங்களின் என்று தலைப்பில் வருவது அகப்படாது. சொல்லின் அடியைப் பிரித்துப் பார்க்கும் கூறு தமிழுக்கு அமைக்கப்படாத கருவியில், நூலக என்று அடித்து உடுக்குறி (*) போடுவது ஒரு கைவழி. நூலகர் என்பதும் சேர்ந்து வரும், பரவாயில்லை.

பெயர்கள்தான் எல்லாவற்றிலும் கடினம். உ. வே. சாமிநாதையர், சாமிநாத ஐயர், உ.வே.சா., ரோமனில் நூலக விதிப்படி ஒரு வடிவம், ஆங்கிலத்தில் வழக்கமாக எழுதும் வடிவம் என்று ஒரே மனிதர் பல பெயரில் கிடப்பார். தனித்தனி நூற்பட்டியல்களில் இது தெரியாது, ஏனென்றால் ஒவ்வொன்றும் தனக்குள் ஒரே மாதிரி எழுதியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே திரையில் கொண்டுவந்து, ஆசிரியர் வாரியாக வடிகட்டி போட்டதும் அவரே ஐந்தாறு பேராகப் பிரிந்து நிற்கிறார். இதற்கு மென்பொருள் மருந்து இல்லை. ஒருவரின் எல்லாப் பெயர் வடிவங்களையும் ஒன்றாகக் கட்டும் பெயர் ஆதாரக் கோப்பு வேண்டும். பல நாட்டு நூலகங்களின் பெயர்க் கோப்புகளை இணைக்கும் வியாஃப் அங்கே கைகொடுத்தது. அதில் இல்லாத ஆசிரியர்களுக்கு நூலகமே உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது. பட்டியலாளர் பணியிடம் இனி எதற்கு என்று கேட்கப்பட்ட அதே காலத்தில்தான் அந்தப் பட்டியலாளர் இல்லாமல் இது நகராது என்பதும் தெரிந்தது.

பயன்படுத்தியவர்கள்

மாணவர்கள் முதல் பக்கத்தைத் தாண்டுவது அரிது. தேடல் நடத்தை பற்றி வந்த ஆய்வுகள் தொடர்ந்து சொல்வதும் இதைத்தான். எனவே இயல்பாக எது முதலில் வரும்படி அமைத்திருக்கிறோம் என்பது ஒரு கல்விசார் முடிவாகிவிடுகிறது. செய்தித்தாள் துணுக்குகளும் புத்தக மதிப்புரைகளும் எண்ணிக்கையில் அதிகம். விட்டால் முதல் பக்கத்தை அவையே நிரப்பும். அவற்றை இயல்புநிலையில் ஒதுக்கி வைத்து, வேண்டுவோர் சேர்த்துக்கொள்ளும்படி மாற்றினோம். இதழியல் துறையிலிருந்து எதிர்ப்பு வந்தது. அவர்கள் துறைப் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்கு மட்டும் செய்திகளும் சேர்ந்து வருகின்றன.

ஒற்றைச் சொல் இதழ்ப் பெயர்கள் இன்னொரு முட்டுக்கட்டை. நேச்சர், சயின்ஸ், செல் என்று அடிப்பவருக்கு வேண்டியது அந்த இதழின் பக்கம். கிடைப்பது அந்தச் சொல் வரும் லட்சக்கணக்கான கட்டுரைகள். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக நூலகம் விடைகளைக் கட்டுரைகள், நூல்கள், இதழ்கள், நூலகத் தளப் பக்கங்கள் என்று கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டும் முறையை முன்னெடுத்தது. பென்டோ முறை என்று நூலகர்கள் சொல்வது அதை. எங்கள் நூலகமும் அதற்கு மாறியது. எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கலந்து காட்டுவதுதான் ஒருங்கிணைப்பு என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. ஒரு நூலையும் ஒரு பத்தி நீளச் செய்தியையும் ஒரே தராசில் வைக்க எந்த வரிசைமுறைக்கும் தெரியாது.

உள்ளே வராதவை

ஒரே பெட்டி என்றதும் அதில் எல்லாம் இருக்கிறது என்று யாரும் நினைப்பார்கள். அது உண்மையல்ல, அதை உரக்கச் சொல்லும் கடமை நூலகத்துக்கு இருக்கிறது.

சில வராமல் இருப்பதற்குக் காரணம் வணிகம். இண்டெக்ஸ் விற்பவர்களே தரவுத்தளங்களும் விற்கிறார்கள். போட்டியாளரின் இண்டெக்ஸுக்குத் தங்கள் பொருளடக்கப் பதிவுகளை முழுமையாகக் கொடுக்க அவர்களுக்கு விருப்பமில்லை. நூலகங்கள் இரண்டு பக்கமும் பணம் கட்டிவிட்டு நடுவில் நின்றன. இதில் வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று தகவல் துறைக்குத் தரநிலைகள் வகுக்கும் அமெரிக்காவின் நைசோ அமைப்பு ஓபன் டிஸ்கவரி இனிஷியேட்டிவ் என்ற பரிந்துரையை 2014இல் வெளியிட்டு 2020இல் திருத்தியது. யார் எதைக் கொடுக்கிறார்கள், எந்த ஆழத்துக்குக் கொடுக்கிறார்கள் என்று பகிரங்கமாக அறிவிக்கச் சொல்கிறது அது. ஒப்பந்தம் போடும் முன் அந்த அறிவிப்பைக் கேட்டு வாங்குவது நல்லது.

சில வராததற்குக் காரணம் தேடலின் இயல்பு. வேதியியலாளர் மூலக்கூறின் கட்டமைப்பை வரைந்து தேடுவார். அதை ஒரு சொற்பெட்டியில் அடிக்க முடியாது. மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட் தளத்தில், மெஷ் என்ற பொருள் தலைப்புப் பட்டியலிலிருந்து ஒன்றைக் கொடுத்தால் அதன் கீழுள்ள நுண்தலைப்புகள் எல்லாம் தானாகச் சேர்ந்து தேடப்படும். அதே பதிவுகள் பொது இண்டெக்ஸுக்கு வந்திருந்தாலும் அந்தப் படிநிலை கூடவே வருவதில்லை. முறைசார் மீளாய்வு (ஒரு கேள்விக்கு வந்த ஆய்வுகளை எல்லாம் முறையாகத் தேடித் தொகுப்பது) எழுதுபவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்கான பிரிஸ்மா-எஸ் அறிக்கை நெறிமுறை, பல தரவுத்தளங்களை ஒரே தளத்தில் சேர்த்துத் தேடியிருந்தால் அந்தத் தளத்தின் பெயரையும் தேடிய தரவுத்தளங்களையும் ஒன்றுவிடாமல் எழுதச் சொல்கிறது. பெட்டிக்குள் இன்று என்னென்ன இருக்கிறது என்பதே மாதந்தோறும் மாறும்போது அப்படி எழுதுவது ஆகிற காரியமல்ல. மீளாய்வுக்கு வருபவர்களை எங்கள் உசாத்துணைப் பிரிவு நேராகத் தரவுத்தளங்களுக்கே அழைத்துப் போகிறது.

இன்னொரு கோணமும் நியாயமானது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக நூலகம் 2002இலேயே ஒமேகா என்ற சொந்தத் தேடல் கருவியை உருவாக்கியது. பின்னர் தன் ஆய்வாளர்கள் வெளியே கூகுள் ஸ்காலர் போன்ற இடங்களில்தான் தேடுகிறார்கள் என்று பார்த்து, 2013இல் அதை நிறுத்தியது. வேறொரு கருவியும் வாங்கவில்லை. தேடுவது எங்கே நடந்தாலும் சரி, கண்டதைத் திறந்து கொடுப்பது நம் வேலை என்பது அவர்கள் நிலைப்பாடு. சந்தா விவரங்களைச் சரியாக வைத்திருந்தால் இதற்கும் அதுவே பயன்படும், ஏனென்றால் கூகுள் ஸ்காலரில் நூலக இணைப்பு தெரிவதும் அதே விவரங்களை வைத்துத்தான். ஆனால் சொந்தமாக ஸ்கேன் செய்த இதழ்களும், வேறெங்கும் பட்டியலிடப்படாத மொழியின் நூல்களும் நிறைய வைத்திருக்கும் நூலகம் அந்த வழியில் போனால் அவை யார் கண்ணிலும் படாமல் போகும். எங்கள் நூலகம் பெட்டியை வைத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

இப்போதைய நிலை

தேடல் பெட்டிக்கு அடியில், இதில் வராத வளங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் நேரடி இணைப்போடு. விடை ஏதும் வராத தேடல்களைப் பெயர் அடையாளம் நீக்கி வாரந்தோறும் பார்க்கிறார்கள்; அதில் தமிழில் அடித்தவற்றைப் பட்டியலாளர் தனியாக எடுத்துக்கொள்கிறார். புதிய எழுத்துப் பிழை வடிவங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தெரியவருகின்றன.

முடியாமல் இருக்கும் வேலை, ஸ்கேன் செய்த பருவ இதழ்கள். ஒவ்வோர் இதழும் ஒரே பதிவாக, மாதமும் ஆண்டும் மட்டும் போட்டு ஏற்றப்பட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் கட்டுரைகளின் தலைப்போ எழுதியவர் பெயரோ இண்டெக்ஸில் இல்லை. படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருள் பழைய அச்சின் லை, னை, றா வடிவங்களில் தடுமாறுவதால் அதன் உரையை அப்படியே நம்ப முடியவில்லை. பொருளடக்கப் பக்கங்களை மட்டும் முதலில் கையால் தட்டச்சு செய்து, கட்டுரைக்கு ஒரு பதிவாகப் பிரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.